அக்கா திரும்பி நிற்கும் படம்

அக்காவுக்குத் தாடையில் புற்றுநோய் வந்து, வலது பக்க எலும்பில் பாதியை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது. ஆனால் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பேசினால் எச்சில் வழியும். கையில் எப்போதும் ஒரு துண்டு வைத்திருப்பாள். அத்தான் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால், அவளும் மகளும் பாயா ரும்புட்டில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். எனக்குப் புக்கிட் ரம்பாயில் தொழிற்சாலை வேலை. வேலை, ஆஸ்பத்திரி, வீடு என்று ஓடியதில் எதையும் நின்று யோசிக்க எனக்குத் தெம்பில்லை.

அக்கா பல வருடம் ஜாசின் பாசாரில் காய்கறி விற்றவள். ஊரில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும். நோய்க்குப் பிறகு எங்கே போனாலும் யாராவது நிறுத்தி, என்ன ஆச்சு என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். முதலில் எல்லாருக்கும் விளக்கிச் சொன்னாள். பிறகு சுருக்கிக்கொண்டாள். கடைசியில் பாசாருக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

ஐசி என்கிற அடையாள அட்டையில் இருந்த பழைய முகத்தைப் பார்த்து பேங்கில் ஒருமுறை சந்தேகப்பட்டார்கள். அட்டையை மாற்றப் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த மலாய்க்காரப் பெண் கேமராவை நேராகப் பார்க்கச் சொன்னதும், அக்கா துண்டை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். புது அட்டை கைக்கு வந்ததும் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இனிப் படம் எடுப்பதில் அவளுக்குச் சங்கடம் இருக்காது என்று நினைத்தேன்.

மகள் பட்டம் வாங்கிய வாரம், அங்கியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் மூவருமாக ஜாசினில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். கடைக்காரர் அக்காவிடம் காய்கறி வாங்கிப் பழகிய பாய். வெளிச்சமெல்லாம் சரிசெய்து அவர் கேமராவைப் பிடித்ததும், அக்கா முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். இப்படியே எடுங்கள் என்றாள்.

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. "படம்னா மொகம் வேணும்லா, அக்கா. இல்லன்னா யாருன்னு எப்படித் தெரியும்?" என்றார். கம்ப்யூட்டரில் தாடையைச் சரிசெய்து தருவதாகவும் சொன்னார். அப்படிச் செய்தால் அது வேறு யாரோ என்று அக்கா தலையாட்டி மறுத்துவிட்டாள்.

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏம்மா ஒளியிற? எனக்கு ஒன் மொகம்தான் வேணும்."

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு நீளமாகப் பேசுவது கஷ்டம். நாங்கள் காத்திருந்தோம்.

"ஒளியலடி. ஐசிக்கு நேராத்தான பார்த்தேன்? இத நீ சொவத்துல மாட்டுவ. வர்றவங்க எல்லாம் என் நோயப் பத்தித்தான் கேப்பாங்க. ஒன் படிப்பப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க. எனக்குப் பதில் சொல்லி அலுத்துப் போச்சு."

மகளின் தோளில் சரிந்திருந்த அங்கிப் பட்டையை அக்கா இழுத்துவிட்டாள். அப்போது பாய் எடுத்ததுதான் எங்கள் ஹாலில் மாட்டியிருக்கும் படம். அக்காவின் நரைத்த கொண்டை, காய்கறி மூட்டை தூக்கிக் கொஞ்சம் இறங்கிப்போன ஒரு தோள், மகளின் சிவந்த கண்.

கேள்விகள் நின்றுவிடவில்லை. ஏன் திரும்பி நிற்கிறாள் என்று இப்போது கேட்கிறார்கள். எங்கள் மாமா ஒருவர், மூஞ்சியே தெரியாத இது என்ன படம் என்று சிரித்தார். நாற்காலியில் இருந்த அக்கா, அது என் மகள் படித்து முடித்த படம் என்று மட்டும் சொன்னாள். என்ன படிப்பு, எங்கே வேலை என்று அவர் விசாரிக்கத் தொடங்கினார். அன்று அவள் நன்றாகச் சாப்பிட்டாள்.

கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகும் முன், மகள் குசினியில் அடுப்பு ஓரமாக அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னத்தோடு கன்னம் ஒட்டிக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்தாள். அக்கா தடுக்கவில்லை. யாருக்கும் அனுப்பாதே என்றாள், அவ்வளவுதான். நான் எனக்கு ஒன்று கேட்டேன். "அம்மாகிட்ட கேட்டுக்குங்க சின்னம்மா" என்றுவிட்டாள்.

நான் இன்னும் கேட்கவில்லை. படத்துக்கு முகம் வேண்டும் என்று பாய் சொன்னதையும் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. நாளைக்கு அக்கா இல்லாமல் போனால், படத்தில் இருக்கும் அந்த முதுகு எனக்குப் போதுமா என்று சில சமயம் தோன்றும். அடுத்த வாரம் அக்காவுக்கு மறுபடி பரிசோதனை. லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.