பூனைக்கு மிச்சமிருந்த இடம்

அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் பூனை. மதில்மேல் பூனை என்று முழுசாகச் சொல்ல யாருக்குப் பொறுமை இருந்தது? அகாடமியில் பக்கத்துக் கட்டில் அவனுடையது. காலையில் எந்தக் காலுறையைப் போடுவது என்று கட்டிலில் உட்கார்ந்து யோசிப்பான். எல்லாமே ஒரே பச்சை நிறம்தான்.

பயிற்சி முடிந்து ராணுவ அதிகாரியாகக் கமிஷன் வாங்குமுன் ஒவ்வொருவரும் ஒரு பிரிவைச் சொல்ல வேண்டும். காலாட்படை, பீரங்கி, டாங்கி, சிக்னல், பாலம் கட்டும் பொறியாளர் படை, துப்பாக்கி முதல் பித்தான் வரை கிடங்கில் வைத்து அனுப்பும் தளவாடப் பிரிவு. வாய்விட்டுச் சொன்னால் சொன்னதுதான். ஓய்வு பெறும்வரை அதில்தான் குப்பை கொட்ட வேண்டும்.

பூனையின் அப்பா காலாட்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். மற்றப் பிரிவெல்லாம் அவருக்குக் கடை வியாபாரம். அவர் எல்லையில் இருந்த காலத்தில், வாசலில் மணி அடித்தால் தந்தியோ என்று அம்மா கதவைத் திறக்கவே பயப்படுவாராம். மகனாவது கிடங்கில் பத்திரமாக இருக்கட்டும் என்றார் அம்மா. அப்பா குளிக்கப் போகும் நேரம் பார்த்துப் போன் செய்வார். பூனை இருவரிடமும் சரி என்றுவிட்டு, திருதிருவென்று விழிப்பான். முடி வெட்டுகிறவரிடம்கூடக் கேட்டுப் பார்த்தான். எந்தப் பிரிவானாலும் வெட்டு ஒன்றுதான் என்றார் அவர்.

பொறியாளர் படையைப் பற்றி யாரும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. ஆனால் ஆற்றுப் பயிற்சியில் காலி டிரம்களையும் கயிற்றையும் பலகைகளையும் வைத்து நடைபாலம் போட்டது அவன்தான். எல்லோரும் கடந்த பிறகு, நடுவில் போய் நின்று தொம் தொம்மென்று குதித்துப் பார்த்துச் சிரித்தான். யாரையும் கேட்காமல் அவன் ஒரு காரியம் செய்ததை அன்றுதான் பார்த்தேன்.

கடைசியில் மகா யோசனை ஒன்று கண்டுபிடித்தான். மதிப்பெண் வரிசைப்படிதான் கூப்பிடுவார்கள். காலாட்படையில்தான் இடம் அதிகம் என்பதால் எப்போதும் கடைசி ஆளுக்கு அதுதான் மிஞ்சும். இவன் கடைசியாக வந்துவிட்டால் அப்பாவுக்குச் சந்தோஷம். அம்மாவிடம், நான் கேட்கவில்லை, மிச்சமிருந்தது என்றுவிடலாம். இறுதித் தேர்வில் பாதித் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தான். நான் எந்தத் தந்திரமும் செய்யாமலே அவனுக்கு முந்தின இடத்தைப் பிடித்தேன்.

அந்த வருஷம் பார்த்து, எங்களுக்குப் பாடம் எடுத்த காலாட்படை கேப்டன் மீது எல்லோருக்கும் பைத்தியம். முதல் ஆளிலிருந்து காலாட்படை, காலாட்படை என்று எழுந்து நின்றார்கள். கரும்பலகையில் இடங்கள் அழிந்துகொண்டே வந்தன. எங்கள் முறை வந்தபோது மிஞ்சியவை இரண்டு. பொறியாளர் படையில் ஒன்று, தளவாடத்தில் ஒன்று.

பூனைக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் எழும்புமுன் காதோடு கேட்டேன்.

"உனக்கு என்னடா வேணும்? சொல்லு, இன்னொண்ணை நான் எடுத்துக்கறேன்."

"எனக்கு எதுனாலும் சரி. நீ எடு."

பொறியாளர் படை என்றேன். டஸ்டர் அந்த வரியை அழித்த கணம், பூனை அரைகுறையாக எழுந்தான். கையைப் பாதி தூக்கியிருந்தான். அவன் முறை இன்னும் வரவில்லை என்று அதிகாரி உட்காரச் சொன்னார்.

அம்மா போனில் சந்தோஷத்தில் அழுதார். அப்பா, போய்க் கடையை நடத்து என்றார். இருவரிடமும் அவன் சரி என்றான். எனக்கு எரிச்சலும் இரக்கமும் சேர்ந்து வந்தன.

இப்போது என் பாலங்களுக்கு இரும்புச் சட்டங்கள் அவன் கிடங்கிலிருந்துதான் வருகின்றன. நல்ல பெயர் வாங்கியிருக்கிறான். சென்ற மழைக்காலத்தில், வெள்ளம் அடித்துப்போன ஒரு ஊருக்குப் பாலம் போட்டோம். சரக்கு லாரியோடு அவனே வந்துவிட்டான், மேஜராகிவிட்ட அவன் வர வேண்டிய அவசியமே இல்லை. முதல் வண்டி போனதும் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, நடுவில் போய்க் குதித்தான். திரும்பி வந்தவன் தொப்பியை வாங்காமல், தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அன்னிக்கு என்ன வேணும்னு கேட்டியே," என்றான். "அதுக்கு முன்னாடி யாரும் என்னை அப்படிக் கேட்டதே இல்லடா. பதில் வர்றதுக்குள்ள அழிச்சுட்டாங்க."