பரஸ்தானம் போன குழவி

சென்ற வாரம் என் மகள் செம்பூரிலேயே ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு வீடு மாறினாள். சாமான் கட்டும் கம்பெனியிலிருந்து பையன்கள் வந்து தோசைக்கல்லுக்குக்கூட பிளாஸ்டிக் சட்டை மாட்டிவிட்டார்கள். வீடு முழுக்க ஒட்டுநாடாவின் காட்டமான வாசனை. எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, ஓரமாக உட்கார்ந்து யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் இருப்பது. அதைக்கூட நான் ஒழுங்காகச் செய்யவில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "லாரி வர்றதுக்குள்ள ராகுகாலம் வந்துடும். ஒரு கரண்டியையாவது பரஸ்தானம் வெச்சுடலாமே" என்றேன்.

"அப்படின்னா என்னப்பா? எந்தப் பெட்டில போடணும்?" என்று கேட்டாள் மகள்.

உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம், சொல்லிவிடுகிறேன். கிளம்ப வேண்டிய நாளில் நல்ல நேரம் இல்லையென்றால், முன்னதாக ஒரு நல்ல நேரத்தில் நம் சாமான் ஏதாவது ஒன்றைப் போகிற திசையில் இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. அப்போதே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்திலும் சாவகாசமாகப் போகலாம். ஒரே நிபந்தனை, வெளியே வைத்ததைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது. அதற்குப் பெயர்தான் பரஸ்தானம். எனக்குத் தெரிந்து ஒரு ஹோட்டலே பரஸ்தானம் போயிருக்கிறது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெரிய அதிகாரியாகும் உத்தேசத்துடன் பம்பாய்க்கு வந்த நான், கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாகி, மெதுவாக உப்புமாவில் நிபுணனாகிக்கொண்டிருந்தேன். "ரெண்டு வருஷம்தான், வந்துடறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தவன். மாதுங்காவில் ஒரு அறையில் சிநேகிதர்களோடு ஜாகை. சாப்பாடு விச்சு மாமாவின் காபி கிளப்பில். பாலக்காட்டுப் பக்கத்துத் தம்பதிகள், குழந்தை குட்டி கிடையாது. சாரதா மாமி அடுப்படியில், மாமா வாசலில். மாமாவுக்குப் பஞ்சாங்கத்தின் மேல் இருந்த அக்கறையில் கால்வாசி சாம்பாரின் மேல் இருந்திருந்தால் நாங்கள் இன்னும் கொஞ்சம் புஷ்டியாக இருந்திருப்போம். ஆனால் மாமியின் இட்லிக்கு அந்த வட்டாரத்தில் ஈடு கிடையாது. ரேஷன் அரிசியில் அப்படி ஒரு இட்லி வார்க்கலாம் என்று இன்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

திடீரென்று வீட்டுக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். இடித்துக் கட்டப் போகிறாராம். மாமா அலையாய் அலைந்து சயான் ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் அறையைப் பேசி முடித்தார். ஆனால் சாவி கைக்கு வருவதற்குள் ஆனி முடிந்து ஆடி பிறந்துவிடும். ஆடியில் யாராவது இடம் மாறுவார்களா? ஆகவே ஆனி கடைசி நாளன்று பரஸ்தானம் வைத்துவிடுவது என்று மாமா தீர்மானித்தார். ஒரு மனுஷன் கிளம்பினால் வேஷ்டியோ செம்போ வைக்கலாம். ஹோட்டல் கிளம்பினால் எதை வைப்பது? எங்கள் மேஜையில் இது பலமாக விவாதிக்கப்பட்டது. காபி டபரா என்பது என் கட்சி. யாரும் ஆதரிக்கவில்லை.

"கல்லாப் பெட்டிய வெச்சாப் போறாதான்னா?" என்றாள் மாமி.

"கிளப்புன்னா மாவு, மாவுன்னா ஆட்டுக்கல்லு. கல்ல இப்போ பேத்தெடுக்க முடியாது. குழவி போகட்டும்."

"நாளைக்கு நான் எதை வெச்சு அரைப்பேன்?"

"ரெண்டே நாள்டீ. இன்னிக்கே நெறைய அரைச்சு வெச்சுக்கோ."

மறுநாள் காலை குழவிக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, துண்டில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு மாமா கிளம்பினார். பம்பாய் மழை. குடையைக் குழவிக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தபடியே நடந்தார். போய்ச் சேர்ந்த இடம் மீரான் பாயின் கரிக்கடை. சயானுக்கும் தாராவிக்கும் நடுவே சாலையோரத்தில் பெரிய தகரக் கொட்டகை. பாய் திருநெல்வேலிச் சீமைக்காரர், கிளப்புக்கு அடுப்புக்கரி போடுகிறவர். மாமா காரணத்தை விளக்கத் தொடங்கினார்.

"அதெல்லாம் எதுக்கு சாமி? அந்தா அந்த மூலைல வச்சுட்டுப் போங்க" என்றுவிட்டார் பாய்.

சயான் அறையின் சொந்தக்காரர் சாவி தருவதாகச் சொன்ன நாளில் கையை விரித்துவிட்டார். அறையை வேறு யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. மாதுங்காவில் அரைத்து வைத்த மாவு தீர்ந்தது. கடன் வாங்கிய குழவி ஒன்று அந்தக் கல்லோடு ஒத்துப்போகாமல் அரிசியைப் பல்லால் கடித்த மாதிரி துப்பியது. இட்லி நின்றது. எங்கள் விசுவாசம் ஒரு வேளைப் பட்டினி வரைக்கும் தாங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எதிர்ச்சாரி உடுப்பி ஹோட்டலுக்குத் தலையைக் குனிந்துகொண்டு போனோம். உள்ளே போய்ப் பார்த்தால் எல்லோரும் அங்கேதான் இருந்தோம்.

"குழவியத் திரும்பக் கொண்டுவாங்கோ" என்றாள் மாமி.

"வெளில போனது உள்ள வரப்படாது. வந்தா கிளப்பே படுத்துடும். அப்பறம் மூட்டையக் கட்டிண்டு ஒன் அண்ணா ஆத்துக்குப் போக வேண்டியதுதான்."

"அங்க போய் மன்னி போடற சாதத்துக்கு நான் தட்டோட நிக்க மாட்டேன், கேட்டேளா."

மாமி குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். எங்களுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. அதே வாரம் வீட்டுக்காரரின் ஆட்கள் கூரை ஓடுகளைப் பிரிக்கத் தொடங்கினார்கள். மழை நேராக அடுப்பில் விழுந்தது. மாமி ஈர அடுப்பைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள்.

"குழவி இங்க வரப்படாது. சரி. கல்லு அங்க போலாமோல்லியோ?"

மாமா பஞ்சாங்கத்தை முன்னும் பின்னும் புரட்டினார். ஆட்சேபம் எதுவும் அகப்படவில்லை. அகப்படவில்லையே என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்ததாக எனக்கு ஞாபகம்.

மீரான் பாயே கைவண்டியோடு வந்தார். கல்லை அவருடைய ஆட்கள் பெயர்த்து ஏற்றினார்கள். கொட்டகையில் நுழைந்ததும் பாய், "ஏலே, கரிய அந்தால நவட்டுங்க. அம்மா ஒக்காந்து அரைக்க எடம் வேணும்லா" என்று சத்தம் போட்டார். அன்று மாமி மாவரைத்தாள். மறுநாள் காலை அங்கேயே அடுப்பு மூட்டி இட்லிக் கொப்பரையை ஏற்றினாள்.

இனிமேல்தான் சங்கடமே. எங்கள் கோஷ்டியில் பாதிப் பேர் பூணூலும் பஞ்சபாத்திரமுமாக இருந்தவர்கள். ஒரு பாயின் கரிக்கடையில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது? இத்தனை நாளும் சாப்பிட்டது அவருடைய கரியில் வெந்த இட்லிதான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. சாலையின் எதிர்ப்புறம் குடைகளோடு வரிசையாக நின்றோம். வேறு யாராவது முதலில் போகட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தோம். வாசனை மட்டும் சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தது. கரி சுமக்கிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மாமி ஒவ்வொரு ஈடாக எடுத்து வைத்துவிட்டு எங்கள் பக்கம் பார்த்தாள். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அப்போது பரசுராமய்யர் வந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஹெட்கிளார்க். கிளப்புக்கே சொந்த டம்ளர் கொண்டுவருகிற ஆசார சீலர். நேராக வாசலில் போய் நின்றார்.

"விச்சு, புது எடத்துக்கு வந்தாச்சா?"

"எங்கே வந்தேன்? பரஸ்தானத்துலன்னா இருக்கேன்" என்றார் மாமா எரிச்சலோடு.

அய்யர் தன் டம்ளரைத் துண்டால் துடைத்தார். "அப்போ நீ இன்னும் வழியிலதான் இருக்கே."

"ஆமா."

"வழியில இருக்கறவாளுக்கு ஆசாரம் பாதிதான். பெரியவா சொல்லியிருக்கா. நாலு இட்லி போடு."

கோணிச் சாக்கின் மேல் அவர் உட்காருவதற்குள் நாங்கள் சாலையைக் கடந்துவிட்டோம். இட்லியில் அங்கங்கே கரித்தூள் இருந்தது. மிளகு என்று சொல்லிக்கொண்டு சாப்பிட்டோம். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றாள்.

பிற்பாடு சயானில் வேறு நல்ல இடம் இரண்டு மூன்று வந்தன. மாமா போய்ப் பார்ப்பார், ஏதாவது குற்றம் சொல்லிவிட்டு வருவார். போய்ச் சேர்ந்துவிட்டால் முழு ஆசாரமும் திரும்பிவிடுமே, அப்புறம் அங்கே சாப்பிட வருகிற தாராவித் தோல் ஷாப்புக்காரர் பக்கத்தில் பரசுராமய்யர் எப்படி உட்காருவார்? பாயும், "மழ நிக்கட்டும் சாமி, அப்பறம் போலாம்" என்பார். மார்கழியிலும் அதையே சொல்வார். கடைசிவரை போர்டு மாட்டவில்லை. கேட்டால், "போற எடத்துல எழுதிக்கலாம்" என்பார் மாமா. யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது, பாயின் தாடி நரைத்தது. கிளப் வழியிலேயே இருந்தது. நாங்களும் மாதுங்காவிலிருந்து நடந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு சயானில் ரயில் ஏறினோம். அங்கே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும் என்று வெளியில் சொல்லிக்கொண்டோம். கிடைத்ததே இல்லை.

மாமா காலமான அன்று துக்கம் கேட்கப் போனேன். "இப்போதான் கெளம்பியிருக்கார்" என்றாள் மாமி. பாய் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார். சில வருஷங்களில் மாமியும் பாயும் போய்விட்டார்கள். வீடுகளுக்கு கேஸ் வந்தது, கரி போயிற்று. பாயின் பிள்ளைகள் உல்லாஸ்நகரில் வேறு வியாபாரம் பார்க்கப் போனார்கள். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம். கல்லும் குழவியும் எங்கே போயினவோ, யாரிடம் கேட்பது?

மகளிடம் இவ்வளவையும் சொல்ல நேரமில்லை. "கரண்டியப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டு வரேன்" என்று மட்டும் சொன்னேன்.

"அங்க யாரு இருக்கான்னே தெரியாதேப்பா" என்றாள்.

எத்தனையோ வருஷம் அவள் குடியிருந்த வீட்டுக்கு அடுத்த வீடு அது. கரண்டியை எடுத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கி, கீழே வாட்ச்மேனிடம் போனேன். நல்ல பையன். மரியாதையாக எழுந்து நின்று வாங்கிக்கொண்டான். பிறகு, எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும் என்று இந்தியில் கேட்டான். நியாயமான கேள்விதான். மீரான் பாய் அதைக் கேட்டதே இல்லை.