வேண்டாம் என்று சொல்ல இடம் கொடுத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை, நாமக்கல்லில் நான் வேலை பார்க்கும் முட்டை மண்டி அலுவலகத்தில் இருந்தபோது அம்மா போன் செய்தார். "சூசை உபதேசியார் போயிட்டாரு சாமி. உங்கப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல." சரி என்று வைத்துவிட்டேன். லாரிக்கு எழுத வேண்டிய ரசீதை எழுதி முடித்த பிறகுதான் அழுகை வந்தது.

சேலத்தில் நம் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு அவரைத் தெரியாமல் இராது. சாமியாருக்கு உதவியாகக் கோயில் பதிவேடுகளை எழுதியவர் அவர்; நம்மில் பாதிப் பேரின் ஞானஸ்நானப் பதிவு அவர் கையெழுத்தில் இருக்கிறது. பாட்டுக்குழுவில் என் அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பார். அவர் சுருதி விலகினால் அப்பா முழங்கையால் இடிப்பார். "இடிச்சா வலிதானுங்க வருது, சுருதி எங்க வருது?" என்பார் உபதேசியார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மண்டபமும் பேசியாயிற்று. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வேலைக்குப் போக ஆசை. ஆனால் அதை வீட்டில் யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பூசையில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிக்கும் முன், மணமக்களைத் தனித்தனியே விசாரித்து எழுதுவது நம் வழக்கம். சாமியார் கையெழுத்திடுவார்; கேட்டு எழுதுகிறவர் உபதேசியார். என் முறை வந்தபோது அவர் என் பெற்றோரை வெளியே போகச் சொன்னார்.

"ஏனுங்க, நாங்க இருந்தா என்ன?" என்றார் அப்பா.

"நீங்க இருந்தா நீங்கதான் பதில் சொல்லுவீங்க. போய் டீ குடிங்க."

பெயர், வயது எல்லாம் எழுதிய பின், "யாரு வற்புறுத்தலும் இல்லாம மனசார சம்மதிக்கிறியா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

"தலையாட்டறத எழுத இதுல எடமில்ல சாமி. பேசு."

அவர் பேனாவை மூடி வைத்தார். "புள்ளைக வெக்கப்படுதுன்னு முன்னெல்லாம் நானே 'ஆம்'னு எழுதிருவேன். அப்படி எழுதுன ஒருத்தி பின்னால வந்து, 'நீங்களாவது கேட்டிருக்கலாமுங்களே'ன்னா. மாதாகிட்டயே கடவுள் தூதர அனுப்பிக் கேட்டுட்டுத்தான் புள்ளயக் குடுத்தாரு. கேக்காம எழுத நான் யாரு?"

பிறகு சும்மா உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்து, "வேண்டாம்" என்றேன்.

"காது மந்தம். இன்னொருக்கா சொல்லு."

அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். இரண்டாம் முறை நான் சொன்னது வெளியே நின்ற அப்பாவுக்கும் கேட்டது.

"எம்பொண்ணு வாயில நீதான அந்த வார்த்தையப் போட்ட?" என்று அப்பா கத்தினார். உபதேசியார் மறுக்கவில்லை. "கோவத்த எம்மேல வெச்சுக்குங்க. புள்ளய ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் நின்றது. வீட்டில் என்னை யாரும் திட்டவில்லை; வேலைக்கும் அனுப்பினார்கள். அப்பா பாட்டுக்குழுவை விட்டார், உபதேசியாரோடு பேசுவதையும் விட்டார்.

போன் வந்த செவ்வாய்க்கிழமை மதியமே சேலம் வீட்டுக்குப் போய், சாவுச் செய்தியோடு இதையும் அப்பாவிடம் சொன்னேன். "அவரு சொல்லித் தரலப்பா. கேட்டாரு. நானாத்தான் வேண்டாம்னேன்."

"மூணு வருசமா ஏன் சொல்லல?" என்றார் அப்பா. சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு அடக்கத்துக்கு வந்தார். பாட்டுக்குழு பாடியபோது அப்பாவின் உதடு அசையவில்லை.

உபதேசியாரால் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு சொல். அதை நான்தான் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டபோது, கேட்க அவர் இல்லை.