செல்லியை வீடு சேர்த்தவர்

சவரிமுத்து அண்ணன் இறந்த செய்தி ஒரு நாவல் போட்டி அறிவிப்புக்குக் கீழே வந்து சேர்ந்தது. நம் வாட்ஸ்அப் குழுவை உங்களுக்குத் தெரியும். கதை எழுதுகிறேன் பேர்வழி என்று கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேனி எனச் சிதறிக் கிடக்கிற நாம், எங்கே போட்டி வைக்கிறார்கள், எந்தப் பதிப்பகம் புதியவர்களைப் படித்தாவது பார்க்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வைத்திருக்கிற குழு. அன்று காலை நான் வாழைக்காய் மண்டியில் லாரிக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். போனைத் திறந்தால் போட்டி அறிவிப்பு, அதன் கீழே அண்ணனின் மகள் அனுப்பிய ஒரே வரி: “அப்பா தவறிட்டாக.” அதற்கும் கீழே, அறிவிப்பை மட்டும் பார்த்த யாரோ கைதட்டுகிற படத்தைப் போட்டிருந்தார்கள். தெரியாமல் செய்ததுதான். இருந்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்க மத்தியானம் ஆகிவிட்டது.

அவரை அறியாதவர்கள் யாராவது இதைப் படிக்கலாம். அவர் ஜீப் டிரைவர். கம்பத்திலிருந்து விடியும் முன்னே பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போவார். அவர்கள் வேலை முடித்து வரும்வரை அவருக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. மற்ற டிரைவர்கள் சீட்டு ஆடுவார்கள், தூங்குவார்கள். இவர் ஸ்டீயரிங்கில் பரீட்சை அட்டையைச் சாய்த்து வைத்துக்கொண்டு கதை எழுதுவார். “எங்கருந்துண்ணே ஒங்களுக்குக் கதை வருது?” என்று ஒருமுறை கேட்டேன். “ஏத்தத்துல செகண்ட் கியர் போடும்போது வரும். எறக்கத்துல பிரேக்க மிதிக்கணும், அப்ப வராது” என்றார். கேலி பண்ணுகிறாரோ என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே அப்படித்தானாம்.

எழுதியதை இறக்கத்தில் சொல்வார். காலையில் பெண்கள் தூங்கிக்கொண்டு போவார்கள், சாயங்காலம்தான் முழித்திருப்பார்கள். ஜீப் சத்தத்தில் அவர் சொல்வது முன்சீட்டுக்குத்தான் கேட்கும். முன்சீட்டில் பேச்சியம்மா அக்கா. அந்த ஜீப்பில் ரொம்ப வருஷமாகப் போகிறவர், அந்த இடத்தை வேறு ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். அவர் காதில் விழுந்ததைத் திரும்பி நடுசீட்டுக்குச் சொல்வார், நடுசீட்டு பின்னால் இருக்கிறவர்களுக்குச் சொல்லும். கடைசியில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருகிறவளுக்குப் போய்ச் சேரும்போது அது வேறு கதையாக இருக்கும். கம்பம் வந்து எல்லோரும் இறங்கியதும் அண்ணன் அந்தக் கடைசி ஆளைக் கூப்பிட்டு, “நீ என்ன கேட்ட, சொல்லு” என்பார். அவள் சொல்கிறதை வைத்துத்தான் மறுநாள் திருத்துவார். “பின்சீட்டுக்குப் போய்ச் சேர்ற கதைதான் நிக்கும் தங்கச்சி, முன்சீட்டுக் கதையில பாதி எஞ்சின் சத்தம்” என்பது அவர் கணக்கு. நான் இன்றைக்கும் என் கதை எதையும் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. வெட்கம்.

அந்தப் பெண்களிடம் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. கதையில் யாரும் சாகக்கூடாது. “நாங்க நாள்பூரா தோட்டத்துல அட்டைக்கடி பட்டு வாரோம். ஒன் கதையிலயும் எழவு விழணுமாக்கும்” என்று பேச்சியம்மா அக்கா சொல்லிவிட்டார். அண்ணன் கேட்டுக்கொண்டார். போட்டிகளில் அவர் தோற்றதற்கு அதுதான் காரணம் என்று நான் வாதாடியிருக்கிறேன். பரிசு பெற்ற கதைகளை வாங்கிப் படிக்கச் சொல்வேன். படித்துவிட்டு வந்து, “எல்லாம் எழவு வீடாத்தான் இருக்கு. ஊர்ல ஒரு காதுகுத்துகூடவா நடக்கல?” என்பார். என் கதை ஒன்று பரிசு வாங்கியபோது எல்லோரும் வாழ்த்தினீர்கள். அவர் மட்டும், “நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த வாட்ச்மேன் ஒனக்கு என்ன பாவம் பண்ணான், கொன்னுபோட்டுட்டயே” என்று கேட்டார். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை நான்.

அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு பரிசு, பெரியகுளத்தில் நடந்த ஒரு விழாவில் ஆறுதல் பரிசு. தோட்டத்திலிருந்து நேரே ஜீப்பை அங்கே விட்டார். பெண்கள் வேலைச் சேலையோடு, ஏலக்காய் வாசனையோடு, தூக்குச்சட்டியோடு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். முதல் மூன்று பேரும் ஏற்புரை என்று ஆளுக்கு அரைமணி பேசினார்கள். அண்ணனைக் கூப்பிட்டபோது மைக்செட்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சான்றிதழை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். வெளியே வந்து, “ஆறுதல்னா எழவு வீட்ல சொல்றதுல்ல? எனக்கு எதுக்குச் சொல்றாக?” என்று சிரித்தார். பேச்சியம்மா அக்கா சிரிக்கவில்லை. “எங்க ஆளைப் பேச விடல” என்று தேவதானப்பட்டி தாண்டுகிறவரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாராம். தேவதானப்பட்டி கம்பத்துக்கு எதிர்த்திசை ஆயிற்றே, அங்கே எதற்குப் போனீர்கள் என்று கேட்டேன். கோபத்தில் ஜீப்பைத் தப்பான பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார் மனிதர். அவர் கோபப்பட்டு நான் கேள்விப்பட்டது அது ஒன்றுதான்.

பிறகுதான் நாவலில் இறங்கினார். செல்லி என்று தோட்ட வேலைக்குப் போகிற ஒரு பெண். அடைமழை நாளில் திரும்புகிற ஜீப்பைத் தவறவிடுகிறாள். காட்டுப்பாதையில் தனியாக இறங்கி நடக்கிறாள். அந்த ஒரு நடைதான் நாவல். நடக்க நடக்க அவள் வாழ்க்கை முழுக்க வரும். கடைசியில் வீடு வந்து சேர்கிறாள். நான் விடுப்புப் போட்டு ஒருநாள் அவர் ஜீப்பில் போய் அந்த முடிவைக் கேட்டேன். பின்சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். கை கால் எல்லாம் மரத்துப்போனது. ஆனால் முடிவு என்னிடம் வந்து சேர்ந்தபோது அழுதுவிட்டேன்.

சென்னையில் ஒரு பதிப்பாளரை நான்தான் பிடித்துக் கொடுத்தேன். அவர் படித்தார், அதுவே பெரிய விஷயம். பிடித்திருக்கிறது என்றார். “ஆனா இருட்டுல நடந்து வந்து வீடு சேந்துட்டா அதுல என்ன சார் இருக்கு? மண்சரிவுல அவ போயிடணும். அப்பதான் வாசகனை உலுக்கும்” என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அண்ணன், “சார், வீடு வந்து சேர்றதுலதான் எல்லாம் இருக்கு” என்றார். மறுமுனையில் ஒரு பெருமூச்சு. அதோடு சரி, பேச்சு நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்து அவருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே ஆசை தன் பெயர் போட்ட ஒரு புத்தகம். அது கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்தும் வேண்டாம் என்றார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அன்றைக்குத் திட்டினேன்.

அப்புறம் சிறுநீரகம் கெட்டது. வாரம் தவறாமல் தேனியில் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தார். ஜீப்பை வேறு ஆள் ஓட்டினார். ஒருநாள் பார்க்கப் போயிருந்தேன். முகம் ஊதியிருந்தது. வீட்டுக்காரி டீ வாங்கப் போன நேரம் பார்த்து, “தங்கச்சி, அந்தப் பதிப்பாளரு கேட்ட மாதிரியே செல்லிய முடிச்சிரு” என்றார். “எனக்கு வராது. நாலு தடவ ஒக்காந்து பாத்துட்டேன், அவ நடந்து வந்துர்றா. ஒனக்குத்தான் அதெல்லாம் நல்லா வரும். பேரு போட்ட பொஸ்தகத்த ஒருக்கா கையில வாங்கிப் பாத்துட்டுப் போறேன்.” குத்திக்காட்டவில்லை. கெஞ்சினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எழுதினேன். எனக்கு அது நன்றாகத்தான் வந்தது. கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “நல்லாருக்கு” என்றார். கண்ணைத் திறந்து, “பாவம்” என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பதிப்பாளர் இரண்டே நாளில் சம்மதித்தார். அட்டைப்படத்தை அனுப்பினார். போனில் காட்டினேன். தன் பெயரைப் பெரிதாக்கிப் பார்த்தார். காகிதத்தில் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அடக்கத்துக்கு நம்மில் பலர் வந்திருந்தீர்கள். பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டோம். அந்தப் பெண்கள் அன்று வேலைக்குப் போகவில்லை. அதே ஜீப்பில் வந்திருந்தார்கள். நீங்கள் எல்லாம் கிளம்பிய பிறகு பேச்சியம்மா அக்கா என் கையைப் பிடித்தார்.

“தாயி, பொஸ்தகம் வருதாம்ல?”

“ஆமக்கா. அச்சுக்குப் போயிருச்சு.”

“செல்லி வீடு வந்து சேந்துர்றாள்ல?”

பொய் சொல்லியிருக்கலாம். கதை எழுதுகிறவளுக்கு அது பெரிய காரியமா? வரவில்லை. “இல்லக்கா, மண்ணு சரிஞ்சு போயிர்றா” என்றேன்.

“சவரி எங்களுக்கு அப்பிடிச் சொல்லலையே.”

“கடைசியில அவருதான் அப்பிடிக் கேட்டாரு. நான் எழுதுனேன்.”

அக்கா என் கையை விட்டுவிட்டார். “சாகக் கெடக்குற மனுசன் ஆயிரம் கேப்பான். நீ நல்லாத்தான இருக்க? ஒனக்கு எங்க தாயி போச்சு புத்தி?” என்றார். சத்தம்கூடப் போடவில்லை. நடுசீட்டு பின்சீட்டுப் பெண்களிடம் போய் ஏதோ சொன்னார். அவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அப்புறம் ஜீப்பில் ஏறிக்கொண்டார்கள்.

முடிவை மாற்ற முடியுமா என்று பதிப்பாளருக்குப் போன் செய்தேன். பக்கங்கள் எல்லாம் அச்சாகிவிட்டன, இனி மாற்ற முடியாது, ஆசிரியர் மறைந்ததால் வெளியீட்டு விழாவைப் பெரிதாகவே நடத்தலாம் என்றார். புத்தகம் வரும். அட்டையில் அண்ணனின் பெயர் இருக்கும். நீங்கள் வாங்க வேண்டும், படிக்க வேண்டும், அவர் ஆசைப்பட்டது அதுதான். கடைசி அத்தியாயத்துக்கு மட்டும் அவரைப் பாராட்டாதீர்கள். அதைப் பாராட்டித்தான் எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அந்த இறக்கத்தில் நான்கு வாய் மாறிப் பின்சீட்டில் என்னிடம் வந்து சேர்ந்த முடிவுதான். செல்லி வீட்டுக்கு வருகிறாள். கால் முழுக்கச் சேறு. விறகு நனைந்திருக்கிறது, ஊதி ஊதிப் பற்றவைக்கிறாள். புருஷன் ஏன் இவ்வளவு நேரம் என்கிறான். ஜீப் போயிருச்சு என்கிறாள், வேறொன்றும் சொல்லவில்லை. சோறு வடிக்கிறாள். விடியுமுன் எழுந்து மறுபடி ஜீப்புக்குப் போய் நிற்கிறாள். இதை நான் எந்தப் போட்டிக்கும் அனுப்பப் போவதில்லை.