கற்பூர வில்லை

யுத்தத்தால் சர்க்கரை கிடைக்காத வருஷம் அது. நவராத்திரிக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்குடன் கொடுக்க, பித்தவெடிப்புக்கும் வறண்ட கைகளுக்கும் தடவிக்கொள்ளும் மெழுகு வில்லைகள் செய்தேன். சாலைக் கடைத்தெருவில் வாங்கிய தேன்மெழுகைத் தேங்காயெண்ணெயில் உருக்கி, பச்சைக் கற்பூரத்தைத் தாராளமாகப் பொடித்துப் போட்டேன். தாம்பாளத்தில் ஊற்றி ஆறியதும் துண்டு போட்டேன். பார்வைக்கு மைசூர்பாகு, வாசனையோ கோவில் லட்டு! எனக்கு ஒரே பெருமை.

வந்தவர்களிடமெல்லாம் "தடவிக்க" என்று சொல்லித்தான் கொடுத்தேன். எதிர்வீட்டு அலமேலுவால் வர முடியவில்லை. மறுநாள் காலை அவள் மாமியாரிடம் தாம்பூலத்தைக் கொடுத்தனுப்பினேன். அப்போது சொல்ல மறந்துவிட்டேன்.

சற்று நேரத்தில் அலமேலு ஓடிவந்தாள். "மாமி, வேகம் வாங்கோ! நீங்க தந்த பிரசாதத்தைத் தின்னுட்டு குழந்தைக்குக் கண்ணு சொருகறது!"

மூன்று வயதுக் குழந்தை. கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. என் கணவர் அழைத்துவந்த டாக்டர், "இத்தனை சின்னக் குழந்தைக்குக் கற்பூரம் விஷமாக்கும்" என்றார். பொழுது சாயும் நேரத்தில்தான் அது கண்விழித்து "அம்மா" என்றது.

இப்போதும் வில்லை செய்கிறேன். கற்பூரம் போடுவதில்லை. வாங்குகிறவர் புறங்கையில் நானே தடவிவிட்ட பிறகே கொடுக்கிறேன்.

சென்ற நவராத்திரிக்கு நிஜமான லட்டே பிடித்தேன். அலமேலு சிரித்த முகமாக வாங்கிக்கொண்டாள். ஆனால் குழந்தை கையை நீட்டியபோது, தான் ஒரு துண்டைத் தின்று பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.