தாடி ஓணான்களும் சாராளின் பையும்

சாராளுக்கு அருவருப்பு பிறவிக் குணம் அல்ல. சம்பளம் வாங்கிக்கொண்டு கற்றது. ஆரம்பாக்கத்தில் அம்மாவோடு நாற்று நட்ட வயதில், காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி வரப்பில் எறிந்துவிட்டு அதே கையால் சோறு தின்றவள்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு மசாலாத்தூள் கம்பெனியில் சேர்ந்து ஒன்பது வருடத்தில் ஆளே மாறிப்போனாள். மிளகாய் மூட்டையில் ஒற்றைத் தலைமுடி கிடந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. இந்தக் குணம் கம்பெனிக்குப் பிடித்துப்போய் அவளைச் சுகாதார சூப்பர்வைசர் ஆக்கிவிட்டது. கான்ட்ராக்டில்தான்.

கேட்டுக்குள் நுழைந்ததும் வெள்ளை டைல்ஸ் ஒட்டிய மேஜை ஒன்று உண்டு. வேலைக்கு வருகிற ஒவ்வொருத்தியும் தன் பையைக் காலி செய்து கொடுக்க வேண்டும். சாராள் அதைத் தலைகீழாகப் பிடித்து அந்த மேஜைமேல் மூன்று தடவை உதறுவாள். முறுக்குத் தூள், பழைய ரயில் டிக்கெட், ஒருமுறை பல்லி முட்டை. எது விழுந்தாலும் அவள் முகம் கோணுகிற கோணலில் பைக்காரி அன்று முழுக்கத் தலை நிமிர மாட்டாள். எல்லோரையும் உதறி அனுப்பிய பிறகு தன் பையைக் கொண்டுபோய் பேக்கிங் ஹால் கதவோரம் ஆணியில் மாட்டுவாள். அதை உதற ஆள் கிடையாது. வேண்டுமென்று யாருக்கும் தோன்றியதும் கிடையாது.

இப்படிப்பட்டவளின் வீட்டில் பதினோரு தாடி ஓணான்களும், அவற்றுக்குத் தீனியாக ஆயிரத்துச் சொச்சம் கரப்பான்களும் குடியிருந்தன.

எல்லாம் புருஷன் ஆசீர்வாதத்தின் கைங்கரியம். உருக்காலையில் இருபது வருடம் உலைக்கு முன்னால் நின்றவன். ஆலையை மூடியதும் சென்னைக்குப் போய், முழங்கை நீளத்தில் முள்முள்ளாய் இரண்டு ஓணான்களை ஷூ பெட்டியில் வாங்கிவந்தான். ஆஸ்திரேலியா ஜாதி என்றான். ஆண் கோபப்பட்டால் தாடி கருத்து உப்பும். பெட்டை பணிந்துபோக வேண்டுமென்றால் ஒரு கையைத் தூக்கி மெல்ல ஆட்டும். பக்கத்து வீட்டுத் திலகவதி அதைப் பார்த்து, டாட்டா காட்டுது என்று பூரித்துப்போனாள். சாராள் பார்த்தது, அதே கைக்குக் கீழே அது கழிந்துவைத்திருந்த ஈரத்தை.

முட்டைகள் தெர்மகோல் மீன் பெட்டியில் இருந்தன. அவற்றுக்கு இருபத்தொன்பது டிகிரி தாண்டக் கூடாது. ஆயிரம் டிகிரிக்கு மேல் இரும்பை உருக்கிய மனிதன், சித்திரை வெயிலில் அந்த இருபத்தொன்பதைக் காப்பாற்ற ஐஸ் பாட்டில் மாற்றி மாற்றி வைத்துப் பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். சாராளுக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் எத்தனை டிகிரி என்று அவன் கேட்கவில்லை. அதையும் அவள் மறக்கவில்லை.

ஓணானையாவது கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கலாம். கரப்பான்களை முடியாது. உள்ளறையில் பிளாஸ்டிக் டப்புக்குள் கோழிமுட்டை அட்டைகளை அடுக்கி அவற்றை வளர்த்தான். அவையும் வெளிநாட்டு ஜாதி; பெட்டைக்கு இறக்கை கிடையாது, முட்டையிடாமல் குட்டி போடும். டப்பைத் திறந்தால் ஈரச் சாக்கும் ஊசிப்போன கேரட்டும் கலந்த ஒரு வாடை எழும்பும். அது புடவையில் ஒட்டி அவளோடு லோக்கல் ரயில்வரை வரும். அட்டையைத் தூக்கினால் உள்ளே எண்ணெயில் பொரிவதுபோல ஒரு சலசலப்பு. ஒருநாள் சட்னியில் மணல் கடித்தது. விசாரித்ததில், ஓணான்களுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமென்று முட்டை ஓட்டை சட்னி அரைக்கிற மிக்சி ஜாரில்தான் அரைத்ததாக ஒப்புக்கொண்டான்.

"கழுவிட்டுத்தான வச்சேன், இன்னா இப்போ?" என்றான்.

அன்றோடு சாராள் சட்னியை விட்டுவிட்டாள். குஞ்சு பொரித்ததும் எல்லாம் வெளியே போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். அவள் அப்படிச் சொல்வது அது மூன்றாவது தடவை; முந்தைய இரண்டு தடவையும் எதுவும் வெளியே போகவில்லை.

அந்த ஜூனில், வெளிநாட்டுக்காரர் ஒருவர் சரக்கு எடுப்பதற்கு முன்பாகச் சென்னையிலிருந்து சுகாதார ஆடிட் வந்தது. நல்லபடி முடிந்தால் சாராளுக்குப் பர்மனென்ட் என்று மேனேஜர் அன்புசெல்வன் வாக்குக் கொடுத்திருந்தார். அவள் ஒரு வாரமாகத் தரையைத் தேய்க்கவைத்து, எலிப்பொறிகளையும் பூச்சி ஒட்டும் பசை அட்டைகளையும் தானே மாற்றினாள். ஆடிட்டுக்கு முந்தைய நாள் ஆசீர்வாதமும் தன் பங்குக்குச் சுத்தம் செய்தான். கரப்பான் டப்பைக் கழுவ, முட்டை அட்டைகளை எடுத்துக் கூடத்து மூலையில் சாய்த்துவைத்தான். அந்த மூலையில்தான் சாராளின் பை இருந்தது.

ஆடிட்டர் நர்மதா சின்ன வயதுக்காரி, அதிகம் பேசாதவள். பேக்கிங் ஹால் கதவோரம் குனிந்து பசை அட்டையை இழுத்தவள் அப்படியே நின்றாள். அதில் இறக்கையில்லாத, கட்டைவிரல் அகல, பழுப்பு நிறப் பூச்சி ஒன்று ஒட்டியிருந்தது. சுற்றி நின்றவர்கள் வண்டு என்றார்கள். பூச்சி மருந்துக் கம்பெனி ஆள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நம்மூர்ச் சரக்காகத் தெரியவில்லை என்றான். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அதன் பின்பக்கம் பிதுங்கி, அரிசிபோல வெள்ளைக் குட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, வந்த இடத்திலேயே பசையில் ஒட்டிக் காலை உதைத்தன. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். சாராளின் கண் தானாக எண்ணியது: பதினேழு.

அவளுக்கு அது தெரியும். அதன் தீனி தெரியும், நாற்றம் தெரியும், அக்கா தங்கைகள் ஆயிரம் பேர் இருக்கிற முகவரி தெரியும்.

அன்புசெல்வன் ஒரு குற்றவாளியைத் தேடினார். துடைப்பத்தோடு நின்ற சந்திரகலாதான் கண்ணில் பட்டாள். ஏரிக்கரைக் குடிசையிலிருந்து வருகிறவள், அவள் பையில்தான் வந்திருக்கும் என்று ஆடிட்டரிடம் சொன்னார். இன்றோடு அவளை நிறுத்திவிடுவதாகவும் சொன்னார். சந்திரகலா சாராளைப் பார்த்தாள்.

"எம் பைய நீதானக்கா காலைல ஒதறுன," என்றாள்.

மூன்று தடவை உதறியிருந்தாள். ஒரு ரப்பர் பேண்டுகூட விழவில்லை. கம்பெனியிலேயே சுத்தமான பை அதுதான் என்பதில் சாராளுக்கு எப்போதும் சின்ன எரிச்சல்கூட உண்டு. இப்போது வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பர்மனென்ட். அதைவிட, இந்த அசிங்கம் தன் வீட்டுக்குச் சொந்தம் என்று எட்டுப் பேருக்கு நடுவில் சொல்வது, அந்தப் பூச்சியை வாயில் போட்டு மெல்லுவதற்குச் சமம்.

"அவ பைல வரல சார்," என்றாள். "என் பைல வந்துகீது. எங்க ஊட்டுக்காரர் ஓணானுக்குப் போட வளக்கறாரு."

"உங்க பையை யார் செக் பண்ணாங்க?" என்று நர்மதா கேட்டாள்.

"யாரும் பண்ணல மேடம். செக் பண்றவ நான்தான?"

நர்மதா அதைத்தான் முதலில் எழுதினாள். பூச்சியைப் பற்றி அதற்குப் பிறகுதான்.

ஆடிட் தேறவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி வருவார்களாம். அன்புசெல்வன் சாராளைத் திட்டவில்லை. பர்மனென்ட் பேச்சையும் அதன் பிறகு எடுக்கவில்லை. உண்மையை ஒப்புக்கொண்டதால் வேலை மட்டும் மிஞ்சியது. கேட்டு மேஜை சந்திரகலாவுக்குப் போனது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவள் நடந்ததைச் சொன்னாள். ஆசீர்வாதம் முழுவதும் கேட்டான்.

"குட்டி போட்டுச்சா? எத்தினி?"

சாராள் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு கரப்பான் டப்பைக் குளியலறைக்குப் பின்னால் தகர ஷெட்டுக்கு அனுப்பினாள். அங்கிருந்து வருகிறவன் லுங்கியை உதறிவிட்டுத்தான் வாசப்படி ஏற வேண்டும். மூன்று தடவை, அவள் பார்க்கும்படி. அவன் முனகிக்கொண்டே உதறினான். மீன் பெட்டிக்குள் முட்டைகள் இருபத்தொன்பது டிகிரியில் சுகமாக இருந்தன. அவளுடைய பர்மனென்ட்டைத் தின்றுவிட்ட குடும்பத்துக்கு வரப்போகிற வாரிசுகள். பொரித்ததும் எல்லாம் வெளியே போக வேண்டும் என்றாள், நான்காவது தடவையாக.

மறுநாள் காலை வரிசையில் நின்று, தன் பையைக் காலி செய்து கொடுத்தாள். சந்திரகலா அதை இரண்டு விரலால், எட்டப் பிடித்து வாங்கினாள். மூக்கு சுருங்கி, வாயோரம் கீழே இழுத்திருந்தது. அந்தக் கோணல் சாராளுக்கு நன்றாகத் தெரிந்த கோணல். அக்கா என்ற மரியாதைக்காக ஒரே ஒரு தடவை உதறிவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

சாராள் வாங்கிக்கொள்ளவில்லை.

"இன்னும் ரெண்டு தபா கீது," என்றாள். "ஒதறு."