ஏரி இஞ்சினியர் கட்டிய வீடு

பெருநகர் கிராமத்துக்கு வந்து வேதகிரி வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ஏரி இஞ்சினியர் வீடு என்று கேட்க வேண்டும். அப்போது வழி சொல்வதோடு நிற்காமல் கூடவே வந்து வாசலில் விட்டுவிட்டும் போவார்கள்.

எல்.சி.இ. என்ற சிவில் இஞ்சினியரிங் படிப்பை முடித்துவிட்டுப் பொதுப்பணித் துறையில், பாசனப் பிரிவில் சேர்ந்தவர். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஏரிகளின் கரையும் மதகும் அவர் பொறுப்பு. கரைக்குப் போனால் செருப்பைக் கழற்றிவிடுவார். வெளிச்சரிவில் எங்காவது மண் சில்லென்று காலில் பட்டால் அங்கே தண்ணீர் கசிகிறது என்று அர்த்தம். வெறும் உள்ளங்காலால் அதைக் கண்டுபிடித்துவிடுகிற மனுஷன். ஐப்பசி கார்த்திகையில் அவர் வீட்டில் சாப்பிட்டால் அது அதிசயம். ஏரி உடையாமல் மழைக்காலம் கழிந்தால் யாரும் மாலை போட வரமாட்டார்கள், உடைந்தால் மட்டும் ஊரே திரண்டு வரும். அப்படிப்பட்ட உத்தியோகம்.

கூடப் படித்த ராஜாராம் அதே துறையில் கட்டடப் பிரிவுக்குப் போனார். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சிப்பந்திகளுக்குக் குடியிருப்பு என்று காஞ்சிபுரத்தில் வேலை. "நீ செங்கல்ல எண்ணிக்கினு நெழல்ல உக்காரு. நாப்பது கிராமத்துக்கு சோறு போடறவன் நான்" என்று வேதகிரி சீண்டுவார். ராஜாராம் சிரித்துக்கொள்வதோடு சரி.

1974-ல் வேதகிரி சொந்த வீடு கட்டினார். இஞ்சினியர் வீட்டுக்கு எதற்கு இன்னொரு இஞ்சினியர்? அணை கட்டப் படித்தவனுக்கு அடுக்களை எம்மாத்திரம் என்று ஊர் நினைத்தது, அவரும் அப்படியே நினைத்தார். ராஜாராமை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓட்டு வீடே வேண்டாம், ஓடு என்றால் ஒழுகும் என்று காங்கிரீட் தளம் போட்டார். மழை கிழக்கிலிருந்துதான் அடிக்கும் என்பதால் கிழக்குச் சுவரில் சன்னலே வைக்கவில்லை. சமையல்கட்டு அந்தச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. முதல் மழைக்காலம் முழுக்கக் கொட்டியும் உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வருஷம் அவர் மனைவி அம்முலுவுக்கு இருமல் வந்தது. அதற்கும் அடுத்த வருஷம் இழுப்பாக மாறியது. பாதி வாக்கியத்தில் நிறுத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு, மீதியை மூச்சு வந்த பிறகு சொல்வாள். மருந்து, கஷாயம், திருநீறு எதற்கும் கேட்கவில்லை. வேதகிரிக்கு அவள்மேல் உயிர். இரண்டு குடம் தண்ணீரை அவளைத் தூக்கவிடாமல் தானே இறைத்து ஊற்றிவிட்டு ஆபீசுக்குப் போவார்.

1978 ஆடியில் அவள் தங்கையின் பிரசவத்துக்காக ஐயங்கார்குளத்தில் அம்மாவின் ஓட்டு வீட்டில் ஒரு மாதம் இருந்தாள். அழைத்துவரப் போனவர் திகைத்துவிட்டார். அம்முலு சந்துமுனையிலிருந்து ஓடிவந்தாள். மூச்சு வாங்காமல் ஊர்க்கதையெல்லாம் பேசினாள். பெருநகருக்குத் திரும்பிய மூன்றாம் நாள் மறுபடி இழுப்பு.

வேதகிரி யோசித்தார். அவர் யோசித்தால் தண்ணீர் பக்கம்தானே போகும்? வீட்டுக் கிணற்றில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, கிணற்றைத் தூர்வாரி, மருந்து போட்டு, ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக்கும் அனுப்பினார். தண்ணீர் தங்கமாக இருக்கிறது என்று பதில் வந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. இவளை இழந்துவிடுவோமோ என்ற பயம் முதல்முறையாக நெஞ்சைப் பிடித்தது.

அந்த வாரம் ராஜாராம் தன் மகளின் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். அம்முலு காபி போட எழுந்தாள். அவள் இருமுகிற சத்தம் கேட்டதும் வேதகிரி ஐயங்கார்குளத்தில் நடந்ததைச் சொன்னார். ராஜாராம் எழுந்து சமையல்கட்டு வாசலில் போய் நின்றார். ஐந்து நிமிஷம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வேதகிரி, இந்த வூட்ல எங்கனாச்சும் ஒழுகுதா?"

"ஒரு சொட்டு கெடையாது" என்றார், அந்தக் கவலையிலும் கொஞ்சம் பெருமையாக.

"அதாண்டா தப்பு. பொகை போவ வழியே இல்ல. ஓட்டு வூடுன்னா ஓட்டு சந்துல தானா போயிடும். ஐயங்கார்குளத்துல அப்டிதான் போச்சு. நீ எல்லாத்தையும் அடைச்சிட்டு கீற."

வேதகிரி அண்ணாந்து தளத்தைப் பார்த்தார். ராஜாராம் விடவில்லை.

"உன் வேலையில தண்ணி உள்ள, ஜனங்க வெளிய. தண்ணி வெளிய வராம பாத்துக்கினா போதும். என் வேலையில ஜனங்கதான் உள்ள கீறாங்க. அடுப்படிக்கு கோடு போடறதுக்கு முன்ன, அங்க சமைக்கப் போறவங்க பக்கத்துல ஒரு நாளு நின்னு பாப்பேன் நான். நீ என்னிக்கினா உள்ள போயி நின்னியா?"

போனதில்லை. ராஜாராமை பஸ் ஏற்றிவிட்டு வந்து, வேதகிரி முதல்முறையாக அடுப்பின் முன்னால் உட்கார்ந்தார். சவுக்குக் கட்டையைத் தானே ஊதி எரியவிட்டார். உலை கொதிப்பதற்குள் கண் எரிந்து, தொண்டை கமறி, வெளியே ஓடிவந்து தூணைப் பிடித்துக்கொண்டார். இதில் அவள் நான்கு வருஷம் இருந்திருக்கிறாள்.

"ஏன் அம்மு எங்கிட்ட சொல்லல?"

அம்முலு தரையைப் பார்த்தபடி சொன்னாள். "வர்றவங்க எல்லாம் இஞ்சினியர் கட்டின வூடு, ஒரு சொட்டு ஒழுகலன்னு சொல்லிக்கினு போறாங்க. பொஞ்சாதியே கொறை சொன்னா உங்க பேரு இன்னா ஆவறது? அப்பால நீங்க பாக்கற ஏரிக்கரைய யாரு நம்புவாங்க?"

அவருக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

மறுநாள் காலையில் மேஸ்திரிக்குக்கூடச் சொல்லியனுப்பாமல், கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிழக்குச் சுவரை வெளியிலிருந்து இடிக்க ஆரம்பித்தார். தூசி ஆகாது என்று அம்முலுவைத் தெருவுக்கு அனுப்பியிருந்தார். சத்தம் கேட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள். எதிர்வீட்டு ஏகாம்பரம் கேட்டார்:

"இன்னா இஞ்சினியரே, செவுரு வெடிச்சிடுச்சா?"

தெருவில் நின்ற அம்முலு, ஆமாம், வெடித்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

"வெடிக்கல ஏகாம்பரம். எனக்கு ஏரிதான் தெரியும், வூடு கட்டத் தெரியல. தப்பா கட்டிட்டேன். என் பேருக்காவ இவ நாலு வருஷமா மூச்ச அடக்கிக்கினு இதுல இருந்துட்டா" என்றார் வேதகிரி, தெருக்கோடி வரை கேட்கும்படி.

யாரும் சிரிக்கவில்லை. சுவரில் ஒரு முழத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. அவர் நிறுத்தாமல் இரண்டு முழம், மூன்று முழம் என்று இடித்துக்கொண்டே போனார். அம்முலு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிட்டே வந்தாள்.

"போதுங்க. அவ்ளோ பெருசா வேணாம். மழை வந்தா சாரல் உள்ள அடிக்கும்."

"அடிக்கட்டும்" என்றார் அவர். மறுபடி கடப்பாரையை ஓங்கினார்.